குறைந்த செலவில் ஒரு மினியேச்சர் படையைத் தொடங்குவது எப்படி?

வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் ஆட்டத்துக்கு 2,000 புள்ளிப் படை ஒன்றைக் குறைந்த செலவில் எப்படிச் சேர்ப்பது, அதற்கு எந்தப் பெட்டியை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். புள்ளி என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் பலத்துக்கு ஏற்ப விதிகள் தரும் மதிப்பு. பெட்டிக்கு முன்பு அந்த 2,000 என்ற எண்ணையே சற்று ஆராய வேண்டும். தள்ளுபடி எங்கே கிடைக்கும், பழைய படைகளை யார் விற்கிறார்கள் என்று தேடுவதால் செலவில் ஒரு பங்கு குறையும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் விதிகள் மேசையின் மீது எத்தனை உருவங்களை நிறுத்தச் சொல்கின்றன என்பதுதான் மொத்தச் செலவையும் தீர்மானிக்கிறது. பத்து உருவங்களைக் கேட்கும் ஆட்டத்தை முழு விலை கொடுத்துத் தொடங்கினாலும், நூறு உருவங்களைக் கேட்கும் ஆட்டத்தைப் பாதி விலையில் தொடங்குவதைவிட அது மலிவாகவே முடியும்.

2,000 புள்ளிகள் என்பது போட்டிகளிலும் சங்கங்களிலும் வழக்கமாகிவிட்ட அளவு. அதற்கு 60 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் கொண்ட மேசை வேண்டும். ஓர் ஆட்டம் முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். விதிகளை இன்னும் மனத்தில் ஏற்றிக்கொள்ளாத இருவர் ஆடினால் ஒரு முழு நாளே போய்விடும். புதிதாக வருபவர் இந்த அளவில் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வார்ஹாமரை உருவாக்கிய அதே கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிடும் காம்பாட் பேட்ரோல் முறையில் ஒரே ஒரு பெட்டியில் உள்ள உருவங்களை மட்டும் வைத்து 44 அங்குலத்துக்கு 30 அங்குல மேசையில் ஆடலாம். கில் டீம் என்ற சிறு ஆட்டம் இன்னும் சுருக்கமானது: பெரும்பாலான அணிகளில் 6 முதல் 14 பேர்தான், மேசை 30 அங்குலத்துக்கு 22 அங்குலம், சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியே போதும். அந்த அணிகளில் பெரும்பாலானவற்றைப் பின்னாளில் பெரிய ஆட்டத்திலும் ஒரு பிரிவாகக் களமிறக்க முடியும் என்பதால் அங்கே செலவழித்தது வீணாவதில்லை.

40,000-இன் உலகம் பிடித்திருக்கிறது, ஆனால் அதன் விதிகளைத்தான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றால் உங்கள் வழி இன்னும் அகலமாகிறது. ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற பெயரில் வெளியாகும் கிரிம்டார்க் ஃபியூச்சர், ஏஜ் ஆஃப் ஃபேன்டசி போன்ற ஆட்டங்களின் அடிப்படை விதிகளும் படைப் பட்டியல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நிறுவனத்தின் உருவத்தையும் அவற்றில் பயன்படுத்தலாம். ஃப்ராஸ்ட்கிரேவ் ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், அதிகபட்சம் எட்டு வீரர்கள் என மொத்தம் பத்து உருவங்களோடு உங்கள் தேவை முடிந்துவிடும். தொடர் ஆட்டமாக மாதக்கணக்கில் ஆடினாலும் அந்தப் பத்துப் பேரே அனுபவம் பெற்று வளர்கிறார்கள். பழங்காலப் போர்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு 1990-இல் வெளிவந்த டிபிஏ (De Bellis Antiquitatis) என்ற விதித்தொகுப்பு இன்றும் நல்ல தேர்வு. ஒவ்வொரு படையும் உருவங்களை ஒட்டிய சரியாகப் பன்னிரண்டு தட்டுகள், ஒரு தட்டில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு உருவங்கள், 15 மி.மீ. உயர உருவங்களோடு ஆடினால் இரண்டடிச் சதுரப் பலகையே போர்க்களம். இரண்டு எதிரிப் படைகளையும் ஒருவரே வாங்கி, நண்பரைக் கையை வீசிக்கொண்டு வரச் சொல்லும் அளவுக்கு அது சிக்கனமானது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எவ்வளவு மலிவான ஆட்டமாக இருந்தாலும் எதிரில் உட்கார ஆள் இல்லையென்றால் அதற்குச் செய்த செலவு முழுவதும் வீண். ஆகவே ஒரு பெட்டியைத் தொடுவதற்கு முன்பே, நீங்கள் நேரில் சென்று சேரக்கூடிய சங்கத்திலோ நண்பர் வட்டத்திலோ எதை ஆடுகிறார்கள், எந்தப் புள்ளி அளவில் ஆடுகிறார்கள், வேறு நிறுவனத்தின் உருவங்களை ஏற்றுக்கொள்வார்களா, வண்ணம் பூசாத படையோடு வந்தால் முகம் சுளிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் சொந்தக் கடைகளிலும் தான் நடத்தும் போட்டிகளிலும் தன் உருவங்களை மட்டுமே அனுமதிக்கும். வீட்டிலும் பெரும்பாலான சங்கங்களிலும் யாரும் உருவம் நிற்கும் அடித்தட்டைப் புரட்டி முத்திரை தேடுவதில்லை. அப்படி ஒரு வட்டமே இல்லையென்றால், நீங்களே இரண்டு சிறு அணிகளைத் தயார் செய்து ஒரு நண்பரை இழுப்பதுதான் நடைமுறை வழி, அதற்கும் சிறு ஆட்டங்களே பொருந்தும்.

அடுத்து, வாங்காமலே ஆடிப் பார்ப்பது. 40,000-இன் அடிப்படை விதிகளை நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நீங்கள் நினைத்திருக்கும் படையில் உள்ள ஒவ்வோர் உருவத்துக்கும் உரிய அடித்தட்டு அளவில், அதாவது 28, 32 அல்லது 40 மி.மீ. விட்டத்தில், அட்டையை வட்டமாக வெட்டி, அதன் மேல் பெயரை எழுதி, இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் படத்தில் பார்த்து மயங்கிய படை கையில் ஆடும்போது சலிப்பூட்டுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கணினி இருந்தால் டேபிள்டாப் சிமுலேட்டர் என்ற மென்பொருளிலும் இதையே செய்யலாம். முதல் படையைப் பாதியில் கைவிட்டு இரண்டாவது படைக்குத் தாவுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பணம் கரையும் முதன்மையான வழி என்பது என் கணிப்பு. அதைத் தடுக்க அட்டை வட்டங்களைவிட மலிவான கருவி எதுவும் இல்லை.

எந்தப் படைப்பிரிவு மலிவு என்ற கேள்விக்கு எளிய பதில், ஆள்குறைவான படை என்பதே. ஆஸ்ட்ரா மிலிட்டாரம், ஓர்க்குகள் போன்ற கூட்டப் படைகளைக் காலாட்படையை முன்வைத்துக் கட்டினால் நூறு உருவங்களை எளிதில் தாண்டும். அடெப்டஸ் கஸ்டோடெஸ், கிரே நைட்ஸ் போன்ற படைகளில் ஒவ்வொரு வீரரும் அதிகப் புள்ளிகள் பெறுவதால் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. இம்பீரியல் நைட்ஸ் படையிலோ நான்கைந்து பெரும் இயந்திரங்களோடு சில சிறியவற்றைச் சேர்த்தால் படை முடிந்தது. ஆனாலும் நைட்ஸ் படையை முதல் படையாக நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். ஒவ்வோர் இயந்திரமும் தனியாகவே பெரிய செலவு. சிறிய புள்ளி அளவில் அது ஆட்டத்தின் சமநிலையைக் குலைக்கிறது. எதிரியிடம் கவசங்களைத் துளைக்கும் ஆயுதங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதிலேயே வெற்றி தோல்வி முடிவாகிவிடுவதால் நகர்வும் மறைவும் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லை. ஸ்பேஸ் மரீன்களைப் புதியவர்களுக்குப் பலரும் சொல்வது வெறும் பழக்கத்தால் அல்ல: எண்ணிக்கை நடுத்தரம், தொடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் அவர்களே இருப்பதால் பழைய சரக்குச் சந்தையில் அவர்கள் குவிந்து கிடக்கிறார்கள், கவசமே உடல் முழுவதும் என்பதால் வண்ணம் பூசுவதும் எளிது.

பழைய சரக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உண்மையான சேமிப்பும் உண்மையான ஏமாற்றமும் இங்கேதான் இருக்கின்றன. 40,000-இன் புதிய பதிப்புகள் 2014, 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒன்றாக வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொரு பதிப்போடும் இரு படைகள் அடங்கிய ஒரு பெரிய பெட்டி வெளியாகும். வாங்குபவர்களில் பலருக்கு ஒரு பாதி மட்டுமே தேவை. மறு பாதியை, பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டாமலேயே விற்றுவிடுவார்கள். புத்தம் புதிய உருவங்களை இதைவிட மலிவாகப் பெறும் வழி அரிது. இன்னும் நல்லது, நீங்களும் ஒரு நண்பரும் சேர்ந்தே அந்தப் பெட்டியை வாங்கிப் பிரித்துக்கொள்வது. இத்தகைய உருவங்களில் ஆயுதத் தேர்வுகள் குறைவு, ஒரே நிலையில் நிற்பவர்கள் அதிகம் என்ற குறைகள் உண்டு. முதல் படைக்கு அவை பொருட்டே அல்ல.

ஒட்டி, வண்ணம் பூசி, ஆடி முடித்த படையை வாங்கும்போது சில கேள்விகளை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கைகள், ஆயுதங்கள், முதுகுப்பைகள் எல்லாம் இருக்கின்றனவா? அடித்தட்டு எந்த அளவு? பழைய ஸ்பேஸ் மரீன்கள் 25 மி.மீ. தட்டில் வந்தவர்கள், பின்னர் 32 மி.மீ. வழக்கமானது, 2017-இல் வந்த பிரைமாரிஸ் வகை அவர்களைவிட உயரமும் கூட. அந்தப் பிரிவுக்கு இன்றைய விதிகளில் இடம் இருக்கிறதா, அல்லது லெஜண்ட்ஸ் என்ற ஓய்வுபெற்றோர் பட்டியலுக்குப் போய்விட்டதா என்பதையும் பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்களை நண்பர்களோடு ஆடலாம், போட்டிகளில் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்பதும் முக்கியம். சூப்பர் குளூவில் ஒட்டிய மூட்டுகளைச் சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் பசை நொறுங்கும் தன்மை பெற்று, மெல்ல முறுக்கினால் பிரிந்து வரும். பிளாஸ்டிக் சிமெண்ட் இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் அது பிரியாது. அங்கே அறுப்பதைத் தவிர வழியில்லை.

மேலே பூசியிருக்கும் வண்ணம் தடிமனாக இருந்தால் பயப்பட வேண்டாம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உருவங்களை ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் கழன்றுவிடும். கையுறை அணியுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், தீயை அருகில் கொண்டுவராதீர்கள். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும், ஆகவே அது உலோக உருவங்களுக்கு மட்டும். ரெசின் (வார்ப்புப் பிசின்) உருவம் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்த பிறகே எதையும் செய்ய வேண்டும். மிகப் பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும்; அவற்றை உலர்ந்த நிலையில் அரம் போட்டுத் தூளாக்குவதையும், கை கழுவாமல் சாப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். அசல் உருவத்திலிருந்து அச்செடுத்து வார்த்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. விலை வியப்பளிக்கும், சட்டப்படி தவறு என்பதோடு, குமிழிகளும் வளைந்த ஆயுதங்களும் நிறைந்த அவற்றைச் சரிசெய்யும் உழைப்பு அந்த விலை வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

வரலாற்றுப் போர்களை ஆடுபவர்களின் நிலை முற்றிலும் வேறு. ரோமானியப் படைவீரனுக்கோ நெப்போலியனின் காலாட்படைக்கோ யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே வீரனை வடிக்கின்றன, போட்டி இருக்கிறது, விலை இறங்குகிறது. பெர்ரி, விக்ட்ரிக்ஸ், வார்கேம்ஸ் அட்லாண்டிக் ஆகியவற்றின் 28 மி.மீ. பிளாஸ்டிக் காலாட்படைப் பெட்டிகளில் பெரும்பாலும் 30 முதல் 40 உருவங்கள் வரை இருக்கும்; கேம்ஸ் வொர்க்‌ஷாப் பெட்டிகளில் பத்துப் பேர் இருப்பதே வழக்கம். போல்ட் ஆக்‌ஷன் போன்ற இரண்டாம் உலகப் போர் ஆட்டத்துக்கு இத்தகைய ஒரு பெட்டியும் ஒரு வாகனமும் சேர்ந்தால் சிறிய படை தயார். இன்னும் கீழே இறங்கினால் ஏர்ஃபிக்ஸ், இத்தாலேரி, ஸ்வெஸ்தா போன்றவற்றின் 1:72 உருவங்கள் இருக்கின்றன. ஒரு பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருப்பது சாதாரணம். அவற்றில் பல மென்மையான, வளையக்கூடிய பிளாஸ்டிக்கில் வருவதால் வண்ணம் எளிதில் உரிந்துவிடும். சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, அச்சுக்குப் பூசிய எண்ணெய்ப் பசையை நீக்கி, பிவிஏ என்ற வெள்ளைப் பசையில் நீர் கலந்து ஒரு பூச்சுக் கொடுத்த பிறகு வண்ணம் தீட்டினால் அது வெகுகாலம் நிற்கும்.

உருவத்தின் அளவைக் குறைப்பதும் ஒரு சிக்கன வழியே. 28 மி.மீ. உருவத்தை அதே விகிதத்தில் 15 மி.மீ. ஆக்கினால் அதற்கு வேண்டிய பொருள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. விலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை என்றாலும் கணிசமாக இறங்குகிறது, மேசையும் சேமிப்பு இடமும் சுருங்குகின்றன. 6 மி.மீ. அளவில் ஒரு முழுப் படையணியே உள்ளங்கையில் அடங்கும். அங்கே முகம், பொத்தான் எதையும் தீட்ட வேண்டியதில்லை. ஆனால் உருவங்களைத் தனித்தனியாக ரசிப்பதுதான் உங்களை இந்தப் பக்கம் இழுத்தது என்றால் சிறிய அளவு உங்களுக்கு நிறைவு தராது. கடைசியாகக் காகித உருவங்களும் உண்டு. இருபுறமும் அச்சிட்டு, மடித்து ஒட்டி, ஓரம் வெட்டி நிறுத்தினால் மூன்றடி தூரத்திலிருந்து அவை ஒரு படையாகவே தெரியும். அவற்றை ஏளனமாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆடிப் பார்க்காதவர்கள்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கிவிட்டால் எல்லாம் இலவசம்தானே என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு சிறு படைக்காக அதை வாங்குவது சிக்கனம் ஆகாது. ரெசின் அச்சுக்கு இயந்திரத்தோடு கழுவும் திரவம், புற ஊதா ஒளியில் கெட்டிப்படுத்தும் கருவி, நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான தனியிடம் அனைத்தும் வேண்டும்; கெட்டிப்படாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். அதுவே ஒரு தனிப் பொழுதுபோக்கு என்று ஏற்றுக்கொள்பவர்களுக்கு அது நல்ல முதலீடு. நண்பரிடம் இயந்திரம் இருந்தால் பொருட்செலவைக் கொடுத்து அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். புதியவர்களின் பட்ஜெட்டில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இங்கேதான், ஏனெனில் ஒவ்வொரு சிறு குப்பியும் தனித்தனியாகப் பார்க்கையில் அற்பமாகவே தோன்றும். ஒரு படைக்கு எட்டு வண்ணங்கள் தாராளம்: கறுப்பு, வெள்ளை, ஓர் உலோக நிறம், தோல் பழுப்பு, எலும்பு நிறம், படையின் முதன்மை நிறம், துணை நிறம், பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் பழுப்பு வாஷ். சிறிய குப்பிகள் 12 மி.லி., பல நிறுவனங்களின் துளிக் குப்பிகள் 17 அல்லது 18 மி.லி. என்பதால் விலையை மட்டும் பார்க்காமல் அளவோடு சேர்த்து ஒப்பிடுங்கள். தூரிகைக்கு, கூர்முனை கொண்ட செயற்கை இழைத் தூரிகைகள் இரண்டும் முகப்பூச்சுக்குப் பயன்படும் மென்மையான வட்டத் தூரிகை ஒன்றும் போதும். விலையுயர்ந்த சேபிள் முடித் தூரிகையை, கெடுக்காமல் கழுவப் பழகிய பிறகு வாங்கலாம். வண்ணம் கலக்கும் ஈரத் தட்டையும் வாங்க வேண்டியதில்லை. மூடியுள்ள ஒரு தட்டையான டப்பாவில் நனைத்த பஞ்சுத்தாளை விரித்து, அதன் மேல் பேக்கிங் தாளைப் பரப்பினால் வண்ணம் நாள்கணக்கில் காயாமல் இருக்கும், வீணாவதும் நிற்கும்.

முறையும் செலவைக் குறைக்கும். கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் சாம்பல் நிறத்தையும் பின்பு வெள்ளையையும் வண்ணத்தைத் துடைத்தெடுத்த உலர்தூரிகையால் மேடுகளில் மட்டும் தடவி, கடைசியில் ஒளி ஊடுருவும் வகை வண்ணத்தை ஒரே பூச்சாகப் பூசும் முறை இன்று பரவலாகிவிட்டது. 2019-இல் வந்த சிட்டாடல் கான்ட்ராஸ்ட், அதன் பின் வந்த ஆர்மி பெயின்டர் ஸ்பீட்பெயின்ட் போன்றவை இதற்கே பொருத்தமானவை. நிழலும் ஒளியும் அடியிலிருந்தே தெரிவதால் குறைந்த குப்பிகளில் வேலை முடிகிறது. நிறத் தேர்விலும் கவனம் வேண்டும். மஞ்சள், வெள்ளை, பளிச்சென்ற சிவப்பு ஆகியவை அடியிலுள்ளதை மறைக்கப் பல பூச்சுகள் கேட்கும். அடர் பச்சை, நீலம், மண் நிறங்கள் ஒன்றிரண்டில் அடங்கும். எல்லா அடித்தட்டுகளின் விளிம்பையும் ஒரே நிறத்தில் முடித்து, ஒரே மணலைத் தூவினால், வெவ்வேறு நிறுவனங்களிலிருந்தும் பழைய சரக்கிலிருந்தும் சேர்த்த உருவங்கள்கூட ஒரே படையாகத் தோன்றும். 40,000-இல் முழுவதும் வண்ணம் தீட்டி, தட்டும் முடித்த படைக்கு 100-க்கு 10 வெற்றிப் புள்ளிகள் தனியாகவே கிடைக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

களத்துக்கு ஏறக்குறைய எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்தினால் குன்று. பொருட்களோடு வரும் அட்டைப்பெட்டிகள் இடிந்த கட்டடம். நுரைப் பலகையில் ஸ்ப்ரே வண்ணமும் சூப்பர் குளூவும் நேரடியாகப் பட்டால் நுரை கரைந்துவிடும், முதலில் பிவிஏ பசை கலந்த வண்ணத்தால் மூடிவிடுங்கள்.

பட்டியலைப் பின்பற்றி வாங்கும் ஆசையைப் பற்றியும் ஒரு சொல். போட்டியில் வென்ற படையின் பட்டியலைப் பார்த்து அதையே வாங்குபவர்கள் உண்டு. புள்ளிகளும் விதிகளும் ஆண்டுக்குப் பலமுறை திருத்தப்படுகின்றன. நீங்கள் ஒட்டி வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் அந்தப் பட்டியலின் பலம் போயிருக்கும். உருவம் பிடித்திருக்கிறது என்று வாங்கியது மட்டுமே எல்லாப் பதிப்புகளையும் தாண்டி அலமாரியில் நிற்கும். வார்ஹாமர் ஃபேன்டசி ஆட்டம் 2015-இல் நிறுத்தப்பட்டபோது தம் படைகளை விற்காமல் வைத்திருந்தவர்கள், 2024-இல் தி ஓல்ட் வேர்ல்ட் வந்ததும் அதே உருவங்களை மேசைக்கு எடுத்தார்கள். ஆயுதத் தேர்வுகள் உள்ள பெரிய உருவங்களில் தோள்பட்டைக்குள் சிறு நியோடிமியம் காந்தங்களைப் பதித்துவிட்டால், விதி மாறும்போது கையை மட்டும் மாற்றலாம். சாதாரண காலாட்படைக்கு இந்த உழைப்பு தேவையில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் வட்டத்தில் யாராவது கில் டீம் ஆடுகிறார்கள் என்றால், நீங்கள் விரும்பும் படைப்பிரிவின் ஒரு கில் டீம் பெட்டியை வாங்குங்கள். எல்லோரும் பெரிய ஆட்டத்தையே ஆடுகிறார்கள் என்றால் நீங்கள் விரும்பும் படைப்பிரிவின் காம்பாட் பேட்ரோல் பெட்டியை, அல்லது பிரித்து விற்கப்படும் தொடக்கப் பெட்டியின் பாதியை வாங்குங்கள். அதோடு வெட்டும் கருவி ஒன்று, கத்தி ஒன்று, பிளாஸ்டிக் சிமெண்ட், ஒரு பிரைமர், மேலே சொன்ன வண்ணங்கள். மின்னணுப் பணிக்கான சாதாரண வெட்டும் குறடே போதும், ஆட்டத்தின் பெயர் அச்சிட்டதாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டி முழுவதும் வண்ணம் தீட்டி, நான்கைந்து ஆட்டங்கள் ஆடி முடிக்கும் வரை இரண்டாவது பெட்டி வேண்டாம். அந்த ஆட்டங்களில் எந்த இடத்தில் உங்கள் படை திணறியது என்பதைப் பார்த்து, அந்தக் குறையை நிரப்பும் ஒரே ஒரு பிரிவை அடுத்து வாங்குங்கள்: எதிரியின் வாகனங்களை உடைக்க முடியவில்லையென்றால் கனரக ஆயுதப் பிரிவு, இலக்குகளைப் பிடித்து வைக்க ஆள் போதவில்லையென்றால் இன்னொரு காலாட்படைப் பெட்டி. 1,000 புள்ளிகளைத் தொட்டதும், 2,000 வரை போகத்தான் வேண்டுமா என்று உங்கள் எதிராளியிடமும் கேட்டுப் பாருங்கள். 1,000 புள்ளி ஆட்டம் ஒரு மாலையில் முடிந்துவிடும் என்பதால் பலர் மகிழ்ச்சியோடு அங்கேயே நின்றுகொள்வார்கள்.